மனைவியைக் கட்டிப்போட ஒரு நாய்க்குட்டி

என் மனைவியை ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏற விடக் கூடாது என்று திங்கட்கிழமை காலை பல் துலக்கும்போது முடிவு செய்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சபதம் செய்ய முடியவில்லை. மனதுக்குள் செய்தேன். அதுவும் நல்லதுதான். என் வீட்டில் சத்தமாகச் செய்த சபதம் எதுவும் சாயங்காலம் வரை உயிரோடு இருந்ததில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கிவிட்டது. அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் நான் இங்கே தனியாகச் சுவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். நீங்களும் வாருங்கள் என்று மகள் கூப்பிடத்தான் செய்தாள். எப்படிப் போவது? அந்த வீட்டில் மாப்பிள்ளை இருக்கிறார்.

மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. மூன்று வருடமாக அவரோடு பேசவில்லை, அவ்வளவுதான். நான் சோபா தைப்பவன். இந்த ஊரில் பாதிப் பேர் நான் தைத்ததில் உட்கார்ந்துகொண்டுதான் என்னையே திட்டுகிறார்கள். அப்படிப்பட்டவனின் மகள் புது வீட்டுக்குக் குடிபோகிறாள். மாப்பிள்ளை என்ன செய்தார்? நேராகப் பெரிய கடைக்குப் போய் ரெடிமேட் சோபா வாங்கிப் போட்டார். போட்டதோடு விட்டாரா? "மாமா, சும்மா உக்காந்து பாருங்க, மெத்துன்னு இருக்கும்" என்றார். என்னிடம். அன்று காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அந்த வீட்டில் நான் நின்றுகொண்டே இருந்தேன். சாப்பிட்டதும் நின்றபடிதான். கால் வீக்கம் இரண்டு நாளில் வடிந்தது. மற்றது இன்னும் வடியவில்லை.

மனைவியை நிறுத்த அதற்கு முன்பே எல்லாம் செய்து பார்த்தாயிற்று. போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தேன். இரண்டே நிமிடத்தில் பக்கத்து வீட்டு நர்சம்மாவை அழைத்து வந்துவிட்டாள். அந்தம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு, அண்ணனுடைய ரத்த அழுத்தம் தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கணக்கும் மனதில் இருக்கிறது.

அப்போதுதான் நாய்க்குட்டி யோசனை வந்தது.

என் வாடிக்கைக்கார அம்மா ஒருவர் பூடில் நாய் வளர்க்கிறார். உடம்பெல்லாம் சுருட்டை முடி. நாய் என்று சொன்னால்தான் நாய் என்று தெரியும். அவர் வீட்டு சோபாவின் கைப்பிடிகளை நாய்கள் கடித்து வைக்கும், நான் போய்த் தைத்துக் கொடுப்பேன். அவரிடம் ஒரு குட்டி மிச்சம் இருந்தது. கொடுக்கும்போது ஒரு விஷயம் சொன்னார். முதல் வாரம் குட்டி யாருடைய வாசனையில் தூங்குகிறதோ, அவரைத்தான் தன் ஆள் என்று பிடித்துக்கொள்ளுமாம். அந்த ஆளுடைய துணி ஒன்றைப் படுக்கைக்குள் வைக்க வேண்டுமாம். அப்புறம் அந்த ஆளைப் பிரிந்தால் சாப்பிடாதாம், தூங்காதாம்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. காலைக் கட்டிக்கொண்டு அழுகிற ஒரு பச்சைக் குழந்தையை உதறிவிட்டு ரயில் ஏற என் மனைவியால் முடியுமா? அவளுக்கு உலகத்தில் எல்லார் மேலும் இரக்கம் உண்டு, என்னைத் தவிர.

திங்கட்கிழமை சாயங்காலம் கருவிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். சுத்தியலுக்கும் ஆணிப் பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தது. இளம் பழுப்பு நிறம். மெத்தையில் பதிக்கிற பொத்தான் மாதிரி மூன்று கறுப்புப் புள்ளிகள். இரண்டு கண், ஒரு மூக்கு. பஞ்சு என்று பெயர் வைத்தேன்.

மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். குட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்த நேரம்தான் அதிகம்.

"இது யாருக்கு?"

"உனக்குத்தான். துணைக்கு."

"நான்தான் ஞாயித்துக்கிழமை போறேனே."

பார்க்கலாம் என்றேன். பிறகு அந்த அம்மா சொன்னதில் வாசனை விவகாரத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் இரண்டு மடங்காக்கிச் சொன்னேன். தனியாக ஒரு நாள்கூட விடக் கூடாது, இதயம் கடுகளவுதான், ஏங்கியே போய்விடும். கத்தியைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில் சரி என்றாள். என் வீட்டில் சண்டை வந்தால் பயமில்லை. சரி வந்தால்தான் பயம். ஆனால் அன்று குட்டியின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பயப்பட மறந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை, மனைவி பல வருடமாகப் போர்த்துகிற பச்சைச் சால்வையைப் பீரோவிலிருந்து திருடினேன். அவள் தலை எண்ணெயும் சோப்பும் கலந்த வாசனை அதில் அப்படியே இருந்தது. வட்டமாக ஒரு குட்டி மெத்தை வெட்டினேன். ஓரத்துக்கு ஃபோம், நடுவில் இலவம் பஞ்சு, அதற்குள்ளே மடித்த சால்வை. என் தொழில் வாழ்க்கையிலேயே அவ்வளவு கவனமாக எதையும் திணித்ததில்லை.

எங்கள் வீட்டுத் தொழிலில் ஒரு முறை உண்டு. திணிப்பது நான், மூடுவது அவள். கடைசிப் பக்கத்தில் தையல் வெளியே தெரியக் கூடாது. என் விரல் தடிமனுக்கு அது வராது. வளைந்த ஊசியை வாங்கினால் ஐந்து நிமிடத்தில் மூடிக் கொடுப்பாள். நாற்பது வருடப் பழக்கம். கை தானாக நீண்டது.

"இதைக் கொஞ்சம் மூடிக் குடு" என்றேன்.

வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தாள். நான் குட்டியை வெளியே தூக்கிக்கொண்டு போனேன். வெளியே ஒன்றும் போகாமல், திரும்பி வந்ததும் வாசல் மிதியடியில் போனது. மெத்தை தயாராக இருந்தது. ஒரு தையல்கூடத் தெரியவில்லை.

புதன்கிழமை பெட்டி பரண்மேலிருந்து இறங்கியது. நாலே நாள். குட்டி சீக்கிரம் அவள் காலைப் பிடிக்க வேண்டும். தீனியை அவள் கையால் ஊட்டச் சொன்னேன். கை ஈரம், நீங்களே கொடுங்கள் என்றாள். மத்தியானம் கை மாவு. சாயங்காலம் கை வலி. வேறு வழியில்லாமல் நான் ஊட்டினேன். அது தின்றுவிட்டு விக்கியது. விக்குகிற ஒவ்வொரு தடவையும், யார் தன்னைத் தூக்கிப் போட்டது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது.

வியாழக்கிழமை அவள் துணி மடித்தாள். ஒவ்வொரு துணியும் பெட்டிக்குள் விழும்போது என் நெஞ்சில் ஆணி அடித்த மாதிரி இருந்தது. பஞ்சுவோ அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. நான் நடந்தால் என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டே இழுபட்டு வந்தது. சும்மா இருந்தபடியே திடீரென்று என்ன தோன்றுமோ, காதெல்லாம் பறக்க மேஜையைச் சுற்றிப் பதினைந்து தடவை ஓடி, வழுக்கி, சுவரில் முட்டி, அப்படியே என் காலில் தலை வைத்துத் தூங்கிவிட்டது. ஒரு மணி நேரம் நான் காலை அசைக்கவில்லை. ஒரு டாக்டர் வீட்டு நாற்காலி பாதித் தோலோடு நின்றது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"அவன் தூங்குறான், மெதுவா நட" என்று மனைவியிடம் சொன்னேன்.

"நேத்து வரைக்கும் அதுன்னீங்க. இன்னைக்கு அவன் ஆயிட்டானா?"

வாய் தவறி வந்துவிட்டது என்றேன். எனக்கே உள்ளுக்குள் கலக்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அது இன்னும் கலக்கம்.

வெள்ளிக்கிழமை வெட்ட வெளிச்சமானது. பஞ்சு தன் மெத்தையின் ஓரத்தைக் கடித்துப் பிரித்துவிட்டான். உள்ளேயிருந்து பல்லில் கவ்வி ஒரு துணியை இழுத்தான். சால்வை எப்படி வெள்ளையாகும் என்று குனிந்து பார்த்தேன். என் பனியன். இடது பக்கம் பசை சிந்திய கறை. போன வாரம் முழுக்க நான் போட்டிருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு மனைவி முன்னால் போய் நின்றேன். இது எப்படி உள்ளே போனது என்று கேட்டேன்.

"சால்வை எனக்கு ரயில்ல வேணும்ங்க. அதை எடுத்துட்டேன். அந்த இடம் காலியா இருந்துச்சு."

"அதுக்கு என் பனியனா?"

"துவைக்காததா வெச்சாத்தான் வாசனை நல்லா நிக்கும்னு அந்தம்மா சொன்னாங்க."

எந்தம்மா என்று நான் கேட்பதற்கு முன்பே அவளே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை சாயங்காலமே நாய்க்கார அம்மாவுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டாளாம். நான் குட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தபோது பேசினாளாம்.

சனிக்கிழமை மத்தியானம் கடைசி ஆயுதத்தை எடுத்தேன். அது என் கழுத்தையே அறுக்கும் என்று தெரியும். இருந்தாலும் எடுத்தேன்.

"நானும் வர்றேன்."

மடித்துக்கொண்டிருந்த புடவையை அப்படியே மடியில் வைத்தாள். "மாப்பிள்ளையோட பேசுவீங்களா?"

"பேசுறேன்."

"அந்த சோபாவுல உக்காருவீங்களா?"

எச்சிலைக் கூட்டி விழுங்கினேன். மூன்று வருடம் ஒரே மடக்கில் இறங்கியது. "உக்காருறேன்."

அவள் முகம் மாறியது. பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே இளகினாள். டிக்கெட்டுக்கு மகளிடம் சொல்லலாம் என்றாள். பிறகு மெதுவாக, "அவனை என்ன பண்றது?" என்று கேட்டாள்.

பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு நாயைக் கொண்டுபோக முடியாது. நர்சம்மா இருக்கிறாளே என்றேன். அவள் இப்போது லீவில் இருந்தாள். போய்க் கேட்டேன். ஆசையாகச் சரி என்றாள். பஞ்சுவை, அவன் மெத்தையை, கிண்ணத்தை, அவன் கடிக்கிற என் பழைய செருப்பை எல்லாம் கொண்டுபோய் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மனைவியின் பெட்டியில் ஓரமாக இடம் ஒதுக்கி என் சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. குரைப்பு இல்லை. நூலை இழுத்துக்கொண்டே போகிற மாதிரி மெல்லிசாக ஒரு அழுகை. அறாமல் வந்துகொண்டே இருந்தது. முதல் சட்டையை மடித்தேன். இரண்டாவதை மடித்தேன். மூன்றாவதற்குக் கை வரவில்லை. மனைவி தன் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது பேசியிருந்தால் சண்டை போட்டாவது உட்கார்ந்திருப்பேன்.

பத்து நிமிடம் இருக்கும். எழுந்து போனேன். நான் தட்டுவதற்கு முன்பே நர்சம்மா கதவைத் திறந்தாள்.

"ஒரு வாய்கூடத் திங்கலண்ணே" என்றாள்.

பஞ்சு ஓடி வந்த வேகத்தில் மூன்று தடவை குப்புற விழுந்து எழுந்தான். என் பாதத்தின் மேலேயே சந்தோஷத்தை ஊற்றினான். அவனைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். பெட்டியில் நான் மடித்து வைத்த இரண்டு சட்டைகளும் அதற்குள் பீரோவுக்குத் திரும்பியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் கார் வந்து நின்றது. மனைவி ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினாள். நான் பஞ்சுவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். விட்டால் சக்கரத்துக்கு அடியில் போய்விடுவான். இரண்டு மாதம் முடிந்த அன்றைக்கே வந்துவிடுவாய் அல்லவா என்று கேட்டேன்.

"நீங்க தனியா இருப்பீங்களேன்னுதான் ரெண்டு மாசத்துல வர்றதா இருந்தேன். இப்பதான் துணைக்கு ஆள் வந்தாச்சே. மெதுவா வர்றேன்" என்றாள்.

இரண்டு கையிலும் பஞ்சு இருந்ததால், கையெடுத்துக் கும்பிட்டுக் கெஞ்சக்கூட என்னால் முடியவில்லை.