கவுன்சிலர் போர்டைப் பார்த்து உள்ள நுழைஞ்ச கதை

போன மாசம் ஒரு திங்கட்கிழமை. லீவு போட்டுட்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனேன்.

அம்மா தவறி நாலு மாசம். தூக்கம் இல்ல. லகாட் ஊர்ல டைல் பேக்டரில போர்க்லிப்ட் ஓட்டும்போது நெஞ்சு படபடன்னு அடிக்கும். ஒரு நாள் அடுக்கி வச்ச டைல் பெட்டியிலயே இடிச்சுட்டேன்!

கிளினிக் டாக்டர் இருதயத்தைச் சோதிச்சாரு. "ஹார்ட் நல்லா இருக்கு. மனசுதான். கவுன்சிலர், சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட், யாரையாவது பாருங்க"ன்னாரு.

மூணுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டிருக்கலாம். கேட்கல. வாயில சுலபமா நுழைஞ்சது முதல் பேர்தான்.

ஈப்போ டவுன்ல ஒரு கடைவீட்டு மாடியில 'கவுன்சிலிங், இலவசம்'னு போர்டு. இலவசமா! ஏறிட்டேன்.

உள்ள ஒரு தமிழ்ப் பொண்ணு. "உட்காருங்க அண்ணே. SPM பரீட்சை முடிச்சு எத்தனை வருஷம்?"

அடேங்கப்பா, சின்ன வயசுலேருந்தே ஆரம்பிக்குதேன்னு அசந்துட்டேன்.

"இருபத்திரண்டு வருஷம் மிஸ். கணக்குல பெயில்."

"பரவாயில்ல. இப்ப எதுல விருப்பம்?"

"எதுலயுமே இல்ல மிஸ்."

"நிறைய பேரு அப்படித்தான் வாராங்க. ரெண்டு வருஷத்துல முடிச்சிடலாம்."

ரெண்டு வருஷமா! எனக்கு அவ்வளவு முத்திப்போச்சா?

"ஹாஸ்டல்ல தங்குவீங்களா?"

அவ்வளவுதான். "என்னை அடைச்சு வச்சிடாதீங்க மிஸ், வீட்டுல பொண்டாட்டி இருக்கா"ன்னு அழுதுட்டேன். அழ ஆரம்பிச்சவன் நிறுத்தல. அம்மா, தூக்கம், டைல் பெட்டி, எல்லாம் கொட்டியாச்சு.

அந்தப் பொண்ணு கையில இருந்த ஓட்டல் மேனேஜ்மெண்ட் கோர்ஸ் விண்ணப்பப் பாரத்தை மெதுவா மூடி வச்சது.

"அண்ணே, நான் காலேஜுக்கு ஆள் சேர்க்கிற கவுன்சிலர்."

எனக்கு அந்த மேசைக்குக் கீழ போயிடலாம்னு இருந்துச்சு.

ஆனா அது சிரிக்கல. டிஸ்யூ கொடுத்துச்சு, பால் போடாத தே ஓ வாங்கிக் கொடுத்துச்சு. "எங்க அக்கா நர்ஸ் லா, அதனால எனக்குத் தெரியும். கவுன்சிலர்கிட்ட மனசு விட்டுப் பேசலாம். சைக்காலஜிஸ்ட் சோதிச்சுப் பார்த்து, பேசிப் பேசியே பயிற்சி கொடுப்பாங்க. மருந்து வேணும்னா சைக்கியாட்ரிஸ்ட், அவங்க டாக்டர். நீங்களா பொறுக்காதீங்க. கவர்மெண்ட் கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்க, அவங்களே அனுப்புவாங்க."

போனேன். பெரிய ஆஸ்பத்திரி சைக்கியாட்ரிஸ்டுக்குக் கடிதம் கொடுத்தாங்க. மருந்து கிடைச்சுச்சு, பேசுறதுக்கும் தனியா ஆள் கிடைச்சுச்சு. இப்ப அஞ்சு மணி நேரம் தூங்குறேன்.

போன வாரம் அந்த ஆஸ்பத்திரி சைக்கியாட்ரி மாடியில முகமூடி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். பக்கத்துல இன்னொரு முகமூடி. பார்த்தா எங்க சூப்பர்வைசர்!

"என்ன சார் இங்க?"

"பல்லுவலி. நீ?"

"எனக்கும் பல்லுதான் சார்."

அந்த மாடி முழுக்கத் தேடினாலும் ஒரு பல்லு டாக்டர் கிடையாது.