நைட்டித் துணியும் நாலு சிலிண்டரும்

தொழிற்சாலை ஊர்களில் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. கம்பெனிக்குள் ஏதாவது ஒரு இயந்திரத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருந்தால் போதும், உலகத்தில் ஓடுகிற எதையும் தன்னால் கழற்றி மாட்ட முடியும் என்று நம்பிவிடுவார்கள். ஓசூரில் தெருவுக்கு நாலு பேருக்காவது இது இருக்கும். எங்கள் தெருவில் முற்றிப்போன கேஸ் நான்தான்.

சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். அதாவது, மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்து, அவர்களை நிற்கவைத்து, ஏன் செய்தாய் என்று கேட்பது என் உத்தியோகம். (இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.)

என் மனைவி கவிதாவின் தம்பி தினேஷ் பெங்களூரில் சாஃப்ட்வேர்க்காரன். ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை ஆசைப்பட்டு வாங்கியிருந்தான். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, உட்கார்ந்தால் ரோடு நம் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே ஓடும். ஆஃபீஸில் அவனைச் சில மாதங்கள் ஜெர்மனிக்கு அனுப்பியபோது, காரை எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் விட்டுவிட்டுப் போனான்.

"மாமா, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் மட்டும் பண்ணி விடுங்க. வேற எதையும் தொட வேணாம்."

இரண்டாவது வாக்கியமும் என் காதில் விழத்தான் செய்தது. அதற்கு மேல் உள்ளே இறங்கவில்லை.

கொஞ்ச நாளில் இஞ்சின் நடுங்க ஆரம்பித்தது. ஸ்டார்ட் செய்தால் குளிர்க்காய்ச்சல்காரன் மாதிரி உதறும், அப்புறம் அணைந்துவிடும். அதே சமயத்தில் கர்நாடக எல்லையோரத் தளியில் பவித்ரா என்ற பெண்ணோடு தினேஷுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு வருகிறவன், பெண் வீட்டுக்கு இந்தக் காரில்தான் போவேன் என்று போனில் சொல்லிவிட்டான். பவித்ரா பார்க்கணும் என்றாளாம்.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க" என்றாள் கவிதா.

"மெக்கானிக்கா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?"

"அதுதாங்க எனக்கும் தெரியல."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பேனட்டைத் திறந்தேன். யூடியூபில் ஒருவர் ஸ்பார்க் பிளக் என்றார். இன்னொருவர் ஒயர் என்றார். தாடி வைத்த ஒருவர் கார்புரேட்டர் என்று கண்ணீர் விடாத குறையாகச் சொன்னார். நான் யார் மனதையும் நோகடிக்க விரும்பவில்லை. பிளக்கை மாற்றினேன், நடுக்கம் நிற்கவில்லை. ஒயர்களைத் துடைத்து மாட்டினேன், அப்போதும் நிற்கவில்லை. கடைசியில் கார்புரேட்டருக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றினேன். திறந்த வாயில் திருகாணி ஏதும் விழாமல் இருக்கத் துணியைச் செருகி வையுங்கள் என்று தாடிக்காரர் சொல்லியிருந்தார். கையில் கிடைத்தது தரை துடைக்க வைத்திருந்த கவிதாவின் பழைய நைட்டி. மஞ்சளில் ஊதாப் பூ. அதில் பாதியைக் கிழித்துச் செருகினேன். சுற்றிலும் சுத்தம் செய்தேன். குழாயைத் திரும்ப மாட்டி இறுக்கினேன்.

துணியை வெளியே எடுக்கவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குத்தான் தளி வரை போன பிறகு தெரிந்தது, உங்களுக்கும் அந்தக் கதி வேண்டாம்.

அநியாயம் என்னவென்றால், ஸ்டார்ட் செய்ததும் இஞ்சின் நடுங்கவில்லை. இஞ்சினுக்குப் பின்னால் ஒரு சின்ன ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது. அந்த ஓட்டை வழியாக வேண்டாத காற்று உள்ளே போனதால்தான் நடுக்கம். இப்போது என் துணி வேண்டிய காற்றையும் மறித்துவிட்டதால், கணக்கு எப்படியோ சரியாகிவிட்டது. ஒரு தப்பு இன்னொரு தப்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. (எங்கள் கம்பெனியில் இரண்டு டிபார்ட்மெண்ட்டுகள் இந்த முறையில்தான் நன்றாக ஓடுகின்றன.) இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. தெருமுனை வரை மெதுவாக ஓட்டிப் பார்த்துவிட்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டேன். மறுநாள் கேன்டீனில் நான் நடத்திய சொற்பொழிவைத் தாங்காமல் ஒருவர் சாம்பார் சாதத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

தினேஷ் வந்தான், ஸ்டார்ட் செய்தான். "ஸ்மூத்தா இருக்கே. ஏதாவது தொட்டீங்களா மாமா?"

"லேசா ட்யூன் பண்ணேன்" என்றேன், பெரிய மனது பண்ணி.

நிச்சயதார்த்தத்தன்று அவன் ஓட்ட, பக்கத்தில் நான். மடியில் பட்டுப்புடவைத் தட்டு. மாமனார், மாமியார், கவிதா எல்லோரும் பின்னால் வேனில். ஓசூர் நெரிசலில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தவரை ஒரு குறையும் தெரியவில்லை. தளி ரோட்டில் காலியிடம் பார்த்து மிதித்தபோதுதான் வண்டி முனகியது.

"மாமா, பிக்கப்பே இல்லையே."

"ரொம்ப நாள் நின்ன வண்டி இல்லையா, தொண்டை அடைச்சிருக்கும். நல்லா மிதி."

வேன் எங்களை முந்தியது. ஜன்னல் வழியாக மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். அடுத்து, முட்டைக்கோஸ் மூட்டையோடு ஒரு மொபெட் முந்தியது.

பெண் வீடு ஒரு மேட்டின் மேல் இருந்தது. எங்களைப் பார்த்ததும் மேளம் தொடங்கியது, ஆரத்தித் தட்டோடு பெண்கள் வாசலுக்கு வந்தார்கள். பாதி ஏற்றத்தில் வண்டி பின்பக்கமாகக் கறுப்புப் புகையைக் கக்கிவிட்டு நின்றுபோனது. காற்று எங்களுக்குப் பின்னாலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் புகை போய்ச் சேர்ந்தது. நாதஸ்வரக்காரர் இருமினார், மேளம் நின்றது.

அந்த வீட்டில் பாதிப் பேச்சு கன்னடம். "ஏனாய்து? என்ன ஆச்சு மாப்பிள்ளை?" என்று பெண்ணின் அப்பா இறங்கி ஓடிவந்தார். அவர் பின்னாலேயே வந்த பவித்ராவின் அத்தைக்காரி, "சகுனமே சரியில்லையே" என்றார். என் மாமனாரின் முகம் சுருங்கிவிட்டது. தினேஷுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் இப்படி ஏதோ பேச்சில் தட்டிப்போயிருந்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டிய இடம் அது. நான் புடவைத் தட்டை நாதஸ்வரக்காரரிடம் கொடுத்துவிட்டு பேனட்டைத் திறந்தேன்.

"ஒண்ணுமில்லைங்க, பெட்ரோல் பம்ப் வீக். காத்து சரியாத்தான் போகுது, காட்டறேன் பாருங்க" என்று எல்லோர் முன்னாலும் குழாயைக் கழற்றினேன்.

உள்ளே மஞ்சள் தெரிந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன். வந்தது. இன்னும் வந்தது. ஊதாப் பூக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

கவிதா மெதுவாகத்தான் கேட்டாள். மேளம் நின்றிருந்ததால் மேட்டுக்கே கேட்டது. "ஏங்க, இது என் நைட்டிதானே?"

முதலில் சிரித்தது மாடியில் நின்ற பவித்ரா. அப்புறம் அவள் அப்பா. அத்தைக்காரி துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சகுனமெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆளுதான் சரியில்ல" என்றார். மாமனார் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு மேளக்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்; சிரிக்காதவன் தினேஷ் ஒருவன்தான்.

"மாமா, கம்பெனியில நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றான்.

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து, எலி கடித்த குழாயைத் தடவிக் கண்டுபிடித்து, டேப் சுற்றி, ஸ்டார்ட் செய்து மேலே ஏற்றிக்கொண்டு போனான். தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு நான் நடந்து போனேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அத்தைக்காரிதான் எனக்கு 'ஹொகெ மாவா' என்று பெயர் வைத்தார். கன்னடத்தில் ஹொகெ என்றால் புகை, மாவா என்றால் மாமா. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேராக, இப்போது மரியாதையோடு. ஆனேக்கல்லிலிருந்து வந்த ஒரு பெரியவர், அதுதான் என் பெயர் என்று நினைத்து, கைகூப்பி 'ஹொகெ மாவா அவரே' என்று அழைத்துப் பந்தியில் உட்காரவைத்தார்.

போன மாதம் தினேஷ் மகளுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் என் பெயரைப் போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஹொகெ மாவா' என்று அச்சடிக்கச் சொல்லியிருந்தார் பவித்ராவின் அப்பா. வெறும் பெயரைப் போட்டால் தளிப் பக்கம் யாருக்கும் ஆள் தெரியாதாம். அச்சுக்குப் போகும் முன் பார்த்துச் சொல்லும்படி தினேஷ் அதை எனக்கே அனுப்பினான்.

இரண்டு தடவை படித்துவிட்டு, பிழை ஒன்றும் இல்லை என்று பதில் போட்டேன்.