நாலு ஜப்பான்காரரும் ஒரு தையல் மெஷினும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மகத்தான முடிவெடுத்தார். இனி வீட்டு ஹால் வெறும் ஹால் அல்ல, இசை கேட்கும் கூடம். மனைவியின் தையல் மெஷின் சாமான் அறைக்குப் போகும். ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிற மனிதர், தொலைநோக்கு இருக்காதா? காப்பி வருவதற்குள் அறிவித்தும் விட்டார்.

எல்லாம் ஒரு ஜப்பான் இசைத்தட்டு செய்த வேலை. நாலு ஜப்பான்காரர்கள் வாசித்த ராக். சும்மா ராக் இல்லை, ப்ரோக்ரசிவ் ராக். ஒரு பக்கம் முழுக்க ஒரே உருப்படி. ஒருவரும் வாயைத் திறந்து பாடுவதில்லை. அட்டையெல்லாம் ஜப்பான் எழுத்து. தலைகீழாகப் பிடித்தாலும் இவருக்கு ஒன்றுதான். அபிப்பிராயம் சொல்ல எழுத்து எதற்கு? தட்டைக் கேட்டவர்கள் கருத்து எழுதும் இணையப் பக்கத்தில் இவர் எழுதினார்: "பனி மெல்ல மெல்ல விழுகிறது. தூரத்தில் ஒரு யானை துக்கம் அனுசரிக்கிறது." மற்ற அத்தனை பேரும் புயல், நெருப்பு, குதிரைப் பாய்ச்சல் என்று எழுதியிருந்தார்கள். இவர் விடவில்லை. உங்களுக்கெல்லாம் காது இருப்பது கண்ணாடி மாட்டத்தான் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட்டார்.

"ஸ்கூல் யூனிஃபார்ம் மலையா கிடக்கு. அந்த இருட்டு ரூம்ல ஊசியில நூல் கோர்க்க முடியுமாங்க?" என்றாள் மனைவி.

"நல்ல கண்ணாடியா ஒண்ணு தரேன்."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உங்க காதைத்தான் யாருக்காவது காட்டணும்."

"என்ன பேச்சு பேசுற! உலகமே கொண்டாடுற தட்டு இது!"

"உலகம் கிடக்கட்டும். தெரிஞ்சவங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க. கேட்டதைக் கேட்டபடி மனசாரச் சொல்லட்டும். பிடிச்சிருந்தா ஹால் உங்களுக்கு. இல்லேன்னா ஸ்பீக்கர் சாமான் ரூமுக்கு."

"வாக்கு மாற மாட்டியே?"

"நான் என்ன நீங்களா?"

மனசார என்பதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாடிவீட்டுப் பல் டாக்டரிடம் போய் ஒரு புது ஃபிரேமை நீட்டினார். மச்சானைக் கூப்பிட்டு ஒரு கூலிங் கிளாஸைக் கொடுத்தார். மச்சான் என்றால் மனைவியின் சொந்தத் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். கூடவே ஆளுக்கொரு வாக்கியம் மனப்பாடம். டாக்டருக்குப் பனி, மச்சானுக்கு யானை.

சாயங்காலம் இருவரும் சோபாவில் வந்து உட்கார்ந்தார்கள். "பிளேயரைத் துடைச்சு வெச்சிருக்கேன்" என்று மனைவி அடக்கமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவர் ஊசியைத் தட்டில் இறக்கினார். கண்ணை மூடினார். அமைதி என்று கையை உயர்த்தினார்.

டமடமவென்று டிரம்ஸ் பாய்ந்தது. கிதார் வாலில் தீ வைத்தது போல ஓடியது. மேஜையிலிருந்த தம்ளர்கள் கிடுகிடுத்தன.

"ஆஹா! பனி மெல்ல மெல்ல விழுது!" டாக்டர் டிரம்ஸையும் மீறிக் கத்தினார். வாங்கின ஃபிரேமுக்கு வஞ்சகம் செய்யாத மனிதர்.

"பாவம் மாமா அந்த யானை! என்னமா துக்கப்படுது!" என்றான் மச்சான்.

மனைவி டீயோடு வந்து நின்றாள். "பனியா டாக்டர்? உங்க பல் டிரில்லை யாரோ ஆன் பண்ணின மாதிரியில்ல இருக்கு?"

ஊரார் வாயையெல்லாம் திறக்கச் சொல்பவர் அவசரமாக டீயை எடுத்துத் தன் வாயை அடைத்துக்கொண்டார்.

"டேய், அந்தக் கூலிங் கிளாஸைக் கழட்டிட்டு அக்கா முகத்தைப் பார்த்துச் சொல்லு. யானை எங்கடா?"

"மாமாதான்க்கா சொல்லச் சொன்னாரு. நானும் வந்ததுலேருந்து தேடுறேன்."

"தட்டை மாத்திட்டியா நீ?" என்று எகிறினார் கணவர்.

"அதே தட்டுதாங்க. பிளேயர் பக்கத்துல ஒரு பொத்தான் இருக்கு பாருங்க."

பார்த்தார். வேகத்தை மாற்றுகிற சின்னப் பொத்தான். வாங்கின நாள் முதல் அது நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்றில் இருந்தது. இப்போது நாற்பத்தைந்தில் நின்றது. அட்டையை எடுத்துப் புரட்டினார். மூலையில் எறும்பு அளவுக்கு 45 என்று போட்டிருந்தது, ஜப்பான் எழுத்தில்கூட இல்லை. கடைசி வரி தெரிகிறதா என்று தினமும் கடையில் ஊராரைக் கேட்கிற மனிதருக்கு அது தெரியவில்லை. புயல், நெருப்பு என்று எழுதியவர்கள் அத்தனை பேரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். காது வரை சூடேறியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

விருந்தாளிகள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு நழுவினார்கள். பேச்சு பேச்சுதானே? அவரே ஒரு ஸ்பீக்கரைச் சுமந்துகொண்டு சாமான் அறைக்கு நடந்தார். இரண்டாவதைத் தூக்க வந்தபோது மனசு கேட்கவில்லை.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"வாங்கின அன்னிக்கே. அட்டையிலதான் போட்டிருக்கே."

"அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

மனைவி மெஷினில் துணியை வைத்து மிதிக்கத் தொடங்கினாள்.

"எதுக்குங்க சொல்லணும்? மெதுவா ஓடினாத்தானே நீங்க சீக்கிரம் தூங்கறீங்க!"