மேனேஜரின் இடது காது

கண்ணாடிக் கடைக்காரருக்கு ஐம்பத்திரண்டு வயதில் ஒரு ஆசை வந்தது. நல்லவேளை, நாய் மேல்தான் வந்தது. மாடி வீட்டு டீச்சரின் நாய் நாலு குட்டி போட்டிருந்தது. மூன்றை யார் யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இன்று சாயங்காலத்துக்குள் கேட்காவிட்டால் நாலாவதும் போய்விடும். கேட்க அவர் ரெடி. வீட்டில் உத்தரவு வேண்டுமே!

உத்தரவு தரவேண்டிய மனைவி ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் வேலை பார்க்கிறாள். முப்பது வருஷத்துப் பழைய காகிதத்தைக்கூட கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பாள். அவரோ, கடையைப் பூட்டினோமா இல்லையா என்று தினமும் பாதி வழியில் திரும்பிப் போகிறவர்.

"நாயெல்லாம் வேண்டாம். யாரு பாத்துக்கறது?"

"நான்! சின்ன வயசுலயே வளர்த்தவன் நான். மேனேஜர்னு பேரு."

"மேனேஜரா? இருபத்தாறு வருஷத்துல ஒரு தடவைகூட சொன்னதில்லையே?"

"சொன்னா அழுகை வந்துடும்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எப்படி இருக்கும் அது?"

"செம்பட்டை நிறம். இடது காது பாதி கிழிஞ்சிருக்கும். பூனையோட சண்டை போட்டதுல."

"அப்புறம்?"

"இடி இடிச்சா தையல் மெஷினுக்கு அடியில போய்ப் படுத்துக்கும். அம்மா மிதிக்க மிதிக்க அது தூங்கும்."

"யாரு வெளிய கூட்டிட்டுப் போவாங்க?"

"நான்தான்! காலைல அஞ்சு மணிக்கு டாண்ணு. குளிப்பாட்டறது, கழிஞ்சா அள்ளறது, எல்லாம் நானே."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை சாமி, நிஜமாகவே.

மனைவி அவரையே பார்த்தாள். "உங்கம்மா தைப்பாங்களா?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அவருடைய அம்மா, சட்டைப் பொத்தான் பிய்ந்தால் ஊக்கு குத்தி அனுப்புகிற ரகம். அப்படியானால் அந்த மெஷின் யாருடையது? மிதிபலகையும் அதன் கீழே ஈர மூக்கும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறதே!

அக்காவுக்குப் போன் போட்டார். மனைவி ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"நாயா? டேய், தெருமுனையில நாய் வந்தாலே நீ பீரோ மேல ஏறிடுவ! நீ வளர்த்தது கோழிடா. அதுவும் உன்னை ஓட ஓட விரட்டும்."

அக்கா சிரித்து முடிக்க ஒரு நிமிஷம் ஆனது.

"மேனேஜர் என் நாய்ங்க" என்றாள் மனைவி மெதுவாக. "எங்கம்மாதானே டெய்லர். கல்யாணமான புதுசுல உங்ககிட்ட சொன்னேன். பாதியில தூங்கிட்டீங்கன்னு நெனச்சேன்."

"தூங்கல போலிருக்கு."

"காதைக்கூட விடாம வச்சிருக்கீங்களே!" என்றாள் அவள்.

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அவள் வாங்கிவரச் சொன்ன சாமான் ஒன்றாவது அவர் மண்டையில் தங்கியிருக்குமா? நாய் தங்கியிருக்கிறது. அதுவும் சொந்த நாயாகவே!

"ஆனா ஒண்ணு" என்று மனைவி மூக்கை உறிஞ்சினாள். "அஞ்சு மணிக்கு எழுந்தது, குளிப்பாட்டினது, அள்ளினது எல்லாம் எங்கப்பா. அதை நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. அது மட்டும் உங்க சொந்தச் சரக்கு."

அவள் முன்னால் ஒரு தாள் இருந்தது. எப்போது எழுதினாளோ! அஞ்சு மணி, குளியல், அள்ளுதல் என்று வரிசையாக இருந்தது. எல்லாவற்றுக்கும் நேராக 'அவர்'. கீழே தேதி வேறு.

காலிங்பெல் அடித்தது. மாடி வீட்டு டீச்சர் குட்டியோடு நின்றாள்.

"என்னக்கா, எல்லா வேலையும் செய்யறேன்னு அண்ணன் வாயாலயே ஒத்துக்கிட்டாரா? நீங்க ஞாயித்துக்கிழமை குட்டி வேணும்னு சொன்னதுலேருந்து யாருக்கும் தராம வச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமையேவா?" என்று கடைக்காரர் கேட்க வாயெடுத்தார். குட்டி அவரைப் பார்த்து ஒரே ஒரு தடவை 'வவ்' என்றது.

நாற்காலி மேல் எப்போது ஏறினோம் என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

"இறங்குங்க" என்றாள் மனைவி. "அஞ்சு மணிக்கு அலாரம் வச்சாச்சு."