தம்பையாவின் சலாதுப் பாத்தி

ஆவணி பிறப்பதற்குள் துரை வாயால் தன் பெயரைச் சொல்ல வைத்துவிடுவது என்று கணக்கப்பிள்ளை தம்பையா முடிவு செய்தார். வயது ஐம்பத்து மூன்று. இலங்கையில் தெரணியகலைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருடமாகக் கொழுந்து எடுப்பவர்களை மேய்க்கிறார். துரையின் நாய்க்குப் பெயர் உண்டு. குதிரைக்கும் உண்டு. தம்பையா மட்டும் 'ஏய், கணக்கப்பிள்ளை'. இப்படியே செத்துப்போனால் தான் இருந்தது யாருக்குத் தெரியும் என்று மழை நாட்களில் அவருக்கு யோசனை ஓடும்.

வழியும் மழையிலேதான் வந்தது. பங்களாவில் போட்ட சலாதுக் கீரை நாற்றெல்லாம் அழுகிப்போக, மிஞ்சிய விதையைத் துரை கோபத்தில் வீசியெறிந்தார். தம்பையா பொறுக்கிக்கொண்டார். விதை உறையில் ஒரு படம். முட்டைக்கோவா பருமனில் ஒரு சலாது.

வீட்டுக்குப் பின்னால் மேட்டுப்பாத்தி கட்டினார். மழைக்கு ஓலைப் பந்தல், நத்தைக்குச் சாம்பல். நெருக்கமாய் முளைத்த நாற்றைக் களைந்து வேலிக்கு அப்பால் எறிந்தார். செடி ஒரு சாண் வந்தபோது மனைவி வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, கிள்ளுற பதம் வந்திருச்சி போலருக்கே."

"கைய வைக்காத. படத்துல உள்ள மாதிரி வரட்டும். யாரு போட்டதுன்னு தொரை கேப்பாரு. தம்பையான்னு சொல்லுவேன்."

"தொரை இத பச்சையாவா திங்கிறாரு?"

"பச்சையாத்தான்."

"அவ்வளவு பெரிய அடுப்பு இருந்துமா? பாவம்."

செடிகள் படத்தைப்போல் உருளவில்லை. உயர்ந்தன. முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது.

"முத்திப்போகுதுங்க."

"வளருது புள்ள. வளர்றதுக்கும் முத்துறதுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒனக்கு?"

வெள்ளையம்மா தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நாளாய் அந்தத் தேத்தண்ணியில் டின்பால் மணத்தது. தம்பையா ஏன் என்று கேட்கவில்லை. நல்லது நடந்தால் கேள்வி கேட்காத மனிதர்.

மஞ்சள் பூ வந்த ஞாயிற்றுக்கிழமை, கோட்டும் தலைப்பாகையுமாக, வேரோடு பிடுங்கிய நாலு செடிகளைத் தட்டில் சாய்த்துச் சுமந்துகொண்டு பங்களா ஏறினார். துரை விறாந்தையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன இது?"

"சலாதுங்க தொரை."

துரை ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். கொயினா மருந்து குடித்த முகமாயிற்று. எழுந்து போய் வெளியே துப்பினார். பிறகு மேசையிலிருந்த தட்டைத் தம்பையா பக்கம் தள்ளினார். உள்ளங்கை அளவில் இளம்பச்சை இலைகள், நீர் சொட்டச் சொட்ட.

"இது சலாது. வாரா வாரம் வருது. அப்பு, யார் குடுக்கிறது?"

"வெள்ளையம்மாங்க தொரை," என்றான் சமையல்கார அப்பு சின்னத்தம்பி.

"வெள்ளையம்மா," என்றார் துரை. ஓர் எழுத்தும் பிசகவில்லை.

தம்பையா தோட்டத்து வெள்ளையம்மாக்களை எண்ணிப் பார்த்தார். மேல் லயத்து வீட்டுக்காரிக்குக் கண் தெரியாது. கீழே பணிய லயத்துக்காரி போன வருடமே கடல் கடந்து ஊருக்குப் போய்விட்டாள். மூன்றாவது...

"இவரு சம்சாரந்தாங்க," என்றான் அப்பு.

தட்டு கையிலிருந்து நழுவியது. செடிகளைப் பொறுக்கக்கூடத் தோன்றாமல் தம்பையா வீடு வந்து சேர்ந்தார்.

"எங்கேடி போட்ட?"

"நீங்க களைஞ்சு எறிஞ்சீங்கல்ல, அத எடுத்து தண்ணி பிடிக்கிற பீலிக்குப் பின்னால நட்டேன். எட்டு நாளைக்கு ஒருக்கா அடி எலையா கிள்ளிக் குடுத்தேன். மறுபடி மறுபடி துளுக்குது."

"ஒனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"நீங்கதான். பதினெட்டு வருசமா மலையில நின்னு கத்துறீங்களே, 'எட்டு நாள் தவறுனா முத்திப்போகும், கிள்ளுங்கடி'ன்னு. வீடு வரைக்கும் கேக்குது."

தம்பையா வாசலில் உட்கார்ந்தார். வெள்ளையம்மா தேத்தண்ணியைக் கையில் கொடுத்தாள்.

"டின்பால் எங்கேருந்து வருதுன்னு நெனச்சீங்க?"

தேத்தண்ணியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துக் குடித்தார்.

"எம் பேரைச் சொல்லியிருக்கலாமில்ல?"

"அப்பு எம் பேரத்தாங்க கேட்டாரு."

மறுநாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. நூற்றிருபது பேர் தலையில் கம்பளியோடு நிற்க, துரை குதிரையில் வந்தார். தம்பையாவைப் பார்த்துக் கை நீட்டினார். 'ஏய்' என்றவர் மேலே சொல்லாமல் யோசித்தார். பதினெட்டு வருடத்தில் துரை இப்படி யோசித்ததே இல்லை. தம்பையா தலைப்பாகையைச் சரிசெய்து நிமிர்ந்தார்.

"ஏய், வெள்ளையம்மா புருசன்," என்றார் துரை.