ஐஸ் பெட்டி வந்திருக்குங்க

எனக்கு மற்றவர்களுக்காகப் பரிதாபப்பட நன்றாக வரும். அது ஒரு வேலைத்திறன் என்று எங்கள் கல்லூரிக்குப் பேச வந்த பயிற்சியாளர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால், ஒரு நல்ல மனிதரின் வீட்டு விசேஷம் ஒழுங்காக நடந்திருக்கும்.

அப்போது நான் பி.பி.ஏ. இரண்டாம் வருஷம் முடித்திருந்தேன். மார்க் மட்டும் இருந்தால் யாரும் வேலை தரமாட்டார்கள், கோடை விடுமுறையில் எங்கேயாவது வேலை பார்த்து அனுபவச் சான்றிதழோடு வாருங்கள் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் பையைத் தூக்கினார்கள். நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அவருக்குத் தெரிந்த ஒரே முதலாளி, வடலூரில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த அன்வர் பாய்தான்.

பாய் கடையில் ஷாமியானா, நாற்காலி, அண்டா, சீரியல் செட் எல்லாம் கிடைக்கும். ஐஸ் பெட்டியும் கிடைக்கும். வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும் வரை இறந்தவரைக் கிடத்தி வைக்கும், கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். என்னைப் போன் பக்கத்தில் உட்கார வைத்தார் பாய்.

"கல்யாண வூடா, சாவு வூடான்னு கொரல்லயே தெரிஞ்சிடும் ஸ்டெல்லா. தெரியலன்னா கேட்டுடு. கேக்கறதுக்கு மட்டும் கூச்சப்படாத."

கேட்பதற்குத்தான் நான் கூச்சப்பட்டேன்.

அது ஒரு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குப் போயிருந்தார். போன் அடித்தது. ஒரு பெண்மணி அழுதுகொண்டே பேசினார். டவுன்ஷிப்பில் எந்த பிளாக் என்று சொன்னார். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி ரெண்டாவது ரோடும்மா... ஷாமியானா போட்டிருக்கும்..." அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

அழுகிறவரிடம் கதவு எண் கேட்பதாவது? (பயிற்சியாளர் அன்று வகுப்பில் 'எம்பதி' என்று கரும்பலகையில் எழுதி வட்டம் போட்டிருந்தார்.) "நீங்க எதுவும் பேச வேணாங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிப் போனை வைத்தேன். என் பண்பை நினைத்து எனக்கே கண் கலங்கியது. வாட்ஸ்அப் வந்த புதிது. லொகேஷன் அனுப்பச் சொல்லிக் கேட்கும் பழக்கம் இன்னும் வரவில்லை.

குட்டியானை வண்டியில் பெட்டியை ஏற்றிய டிரைவர் செல்வம் அண்ணன், நானும் முன்னால் ஏறுவதைப் பார்த்தார்.

"நீ எதுக்கும்மா? நான் எறக்கி வெச்சிட்டு வந்துடறேன்."

"கஸ்டமருக்கு ஆறுதல் சொல்லணும்ணா."

"அதுக்கு வேற தனியா ஆளா?" என்று வண்டியை எடுத்தார்.

இரண்டாவது ரோட்டில் ஷாமியானா தெரிந்தது. வாசலில் நாற்காலிகள். வெள்ளை வேட்டியில் ஆண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. (நெய்வேலி கோடையில் மதியம் வெயிலில் நிற்கும் யாருக்கும் சிரிப்பு வராது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.) வேணு என்று மற்றவர்கள் கூப்பிட்ட ஒருவர்தான் எல்லாவற்றையும் ஓடியாடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்த் தணிந்த குரலில், "ஐஸ் பெட்டி வந்திருக்குங்க" என்றேன்.

"எப்ப சொன்னது, இப்பத்தான் வரீங்களா? உள்ள ஹால்ல வெச்சிடுங்க. நாலு மணிக்குள்ள நல்லா குளிர்ந்துடுமா?"

"குளிர்ந்துடுங்க. ஐயாவை இன்னும் கொண்டாரலீங்களா?"

"நாலு மணிக்குத்தான். மைன்ஸ்ல மாலை எல்லாம் போட்டு, மரியாதை பண்ணி, அவங்களே வண்டியில கொண்டாந்து வுடுவாங்க."

சுரங்கத்தில் ஏதோ விபத்து என்று முடிவு கட்டிவிட்டேன். என் அப்பாவும் அன்று பகல் ஷிப்ட். இவருக்கு என்ன ஆனது என்று கேட்க வாய் வரவில்லை. "ஐயா பேரு?" என்று மட்டும் கேட்டேன்.

"கோதண்டபாணி. எங்க அக்கா வூட்டுக்காரர். ராப்பகலா ஒழைச்ச மனுசன். இனிமேட்டு ஓய்வுதான்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"காலையிலேருந்து பொலம்பிகினே இருக்காங்க. இனிமே எப்படி சமாளிக்கப் போறேனோன்னு." பிறகு, வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்தார். அது துணி போட்டு மூடியிருந்தது. "பெரிசாத்தான் இருக்கு. எத்தனை பேருக்கு வரும்?"

துக்கத்தில் பேசுகிறார் என்று நினைத்தேன். "ஒருத்தருக்குத்தாங்க" என்றேன் மெதுவாக. அதற்குள் அவருக்குப் போன் வந்து, காதில் வைத்தபடி நகர்ந்துவிட்டார்.

நானும் செல்வம் அண்ணனும் பெட்டியை ஹாலில் வைத்து ஸ்விட்சைப் போட்டோம். பின்கட்டிலிருந்து கேசரி வாசனை வந்தது. செல்வம் அண்ணன் மூக்கை உறிஞ்சினார். "ஸ்டெல்லா, சாவு வூட்ல கேசரி கிண்டுவாங்களா?"

பதில் சொல்வதற்குள் என் போன் அடித்தது. அன்வர் பாய்.

"எங்கம்மா இருக்க? அந்தம்மா திரும்ப போன் பண்ணிச்சு. ஆஸ்பத்திரிலேருந்து பாடியைக் கொண்டாந்து வாசல்ல கெடத்தியிருக்காங்களாம். பெட்டி வரலங்கறாங்க."

"பெட்டி எறக்கியாச்சே பாய்."

"எங்க?"

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாதக் கடைசி. மைன்ஸ் மாலை. ஓய்வு. கேசரி. இது ரிட்டையர்மென்ட் வீடு. அந்தப் பெண்மணி பள்ளிக்கூடத்திலிருந்து எண்ணி இரண்டாவது ரோட்டைச் சொல்லியிருக்கிறார்; நான் மெயின் ரோட்டிலிருந்து எண்ணி வந்திருக்கிறேன். அங்கே யாரோ ஒருவர் வெயிலில் கிடக்கிறார்.

"அண்ணா, தூக்குங்க" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தூக்கி வாசல் வரை வந்திருப்போம். நாலு மணிக்கு வர வேண்டியவர்கள் முன்கூட்டியே வந்துவிட்டார்கள் போல, ரோட்டில் பேண்டு சத்தம் கிளம்பியது. பூ அலங்காரம் செய்த ஜீப் ஒன்று, எங்கள் குட்டியானையை மறித்துக்கொண்டு நின்றது. கழுத்து தெரியாமல் மாலை போட்டிருந்த ஒருவர் இறங்கி, ஆட்களோடு வீட்டுக்குள் நுழைய வந்தார். ஆரத்தித் தட்டோடு அவர் மனைவி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார். வாசற்படியில் இந்தப் பக்கம் பெட்டியோடு நாங்கள், அந்தப் பக்கம் மாலையோடு அவர்.

"ஐயா, கொஞ்சம் வழி வுடுங்க" என்றேன்.

"என்னம்மா இது?"

"ஐஸ்கிரீம் பெட்டி மாமா" என்றார் வேணு, கூட்டத்துக்குள்ளிருந்து.

அப்போது பார்த்துத் துணி சரிந்தது.

கண்ணாடி மூடியில் வெயில் பட்டுப் பளபளத்தது. பேண்டு வாசித்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். ஒருத்தர் மட்டும் டிரம்மை இன்னும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, பிறகு பயந்து நிறுத்தினார். கோதண்டபாணி பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"ஏம்மா, அவருக்கு இன்னும் பென்ஷனே ஆரம்பிக்கலையேம்மா."

"வூடு மாறிடுச்சுங்க. பள்ளிக்கூடத்துலேருந்து ரெண்டாவது ரோட்டுக்குப் போக வேண்டியது" என்றேன்.

"அங்க யாருக்கு?" என்றார் கோதண்டபாணி.

"தெரியலீங்க. பேரு கேக்கல."

பிறகு வேணுவைத் திரும்பிப் பார்த்தார். வேணு தரையைப் பார்த்தார்.

"சந்தானமாடா?"

"காலையில போய்ட்டார் மாமா. விசேஷம் முடியட்டும், அப்பறம் சொல்லிக்கலாம்னு அக்காதான்..."

சந்தானம் அந்த ரோட்டில் குடியிருந்தவர், அவரோடு பல வருஷம் ஒரே மெஷினில் ஒரே ஷிப்ட் பார்த்தவர், கொஞ்ச நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தவர் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். கோதண்டபாணி தோளில் போட்டிருந்த சால்வையை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். கூட வந்த சுரங்கத்து ஆட்களைப் பார்த்து, "ஜீப்பை எடுத்து, வண்டியத் திருப்பிகினு இருந்தா லேட்டாவும். புடிங்கப்பா" என்றார்.

பெட்டி என் கையை விட்டுப் போயிற்று. புதுச்சட்டையும் சந்தனமுமாக அவர்கள் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு குறுக்குச் சந்து வழியே நடந்தார்கள். மாலையோடு அவர் முன்னால். நானும் செல்வம் அண்ணனும் பின்னால். எங்களுக்கும் பின்னால், என்ன செய்வதென்று தெரியாமல் பேண்டுக்காரர்கள்.

அந்த வீட்டில் பெட்டியை வைத்து, சந்தானத்தை உள்ளே கிடத்தியதும், கோதண்டபாணி தன் கழுத்து மாலையைக் கழற்றி நண்பர் மேல் போட்டார். "நீ இல்லாம என்னடா பங்ஷன்" என்றார். அப்புறம் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று மாலை முழுவதும் அவர் எழுந்திருக்கவில்லை. கேசரி என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.

போன் செய்த பெண்மணி சந்தானத்தின் மனைவி. என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீதான போன்ல பேசின பொண்ணு? கதவு நம்பரக் கேட்டிருக்கலாமேம்மா. அழுதுகினே சொல்லியிருப்பேனே."

ஆறுதல் சொல்லப் போன நான் அவர் மேல் சாய்ந்து அழுதேன். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, அவர்தான் தண்ணீர் கொடுத்தார்.

மறுநாள் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அன்வர் பாய் கணக்கு நோட்டை மூடி வைத்தார். பிறகு, "சர்ட்டிபிகேட்ல கஸ்டமர்கிட்ட நல்லா பேசும்னு எழுதித் தரேன். கஸ்டமர் யாருன்னுதான் தெரியாதுன்னு எழுத மாட்டேன்" என்றார். மீதி நாட்களில் நான் கதவு எண், லேண்ட்மார்க், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் வரை கேட்டு எல்லோர் உயிரையும் எடுத்தேன்.

படிப்பு முடிந்து போன முதல் இன்டர்வியூவில், நெருக்கடியைச் சமாளித்த அனுபவம் உண்டா என்றார்கள். சொன்னேன். மூவரில் இருவர் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். வேலை கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு கோதண்டபாணி தன் மகள் கல்யாணத்துக்கு எங்கள் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தார். "குடும்பத்தோட வந்துடு ஸ்டெல்லா. வெறுங்கையோட வா" என்றார். அப்பா சிரித்த சிரிப்பில் பத்திரிகை கைநழுவிக் கீழே விழுந்தது. அன்றோடு அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டவுன்ஷிப்பில் காதுகுத்தோ நிச்சயதார்த்தமோ, எனக்கு வருகிற எல்லா அழைப்பும் அப்படித்தான் முடியும். போன வருஷம் என் அப்பா ரிட்டையர் ஆனார். அவரும் போன் செய்து, "வெறுங்கையோட வாம்மா" என்றார்.

ஸ்பீக்கரில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மாமியார் உருகிப்போனார். "உங்க ஊர்க்காரங்களுக்குத்தான் எவ்ளோ பெரிய மனசு. யாருமே அன்பளிப்பு எதிர்பார்க்கறதில்ல பாரு" என்றார்.

ஆமாம் அத்தை என்றேன்.