ஒரு சாப்பாட்டுக் கடை வாங்கிய கலாநிதிப் பட்டம்

கலாநிதிப் பட்டம் வாங்கியவர்கள் இந்த நாட்டில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஒரு பட்டத்துக்காகச் சாப்பாட்டுக் கடைக்காரர், லொறி டிரைவர், கச்சேரி கிளார்க் என்று ஊரையே படாதபாடு படுத்தியவர் எங்கள் தீசிஸ் மாஸ்டர் ஒருவர்தான். அறுபதுகளில் மாத்தளையில் குடியிருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது என் சந்தேகம். பகலில் பள்ளிக்கூட வாத்தியார். மற்ற நேரமெல்லாம் பட்டத்துக்கான ஆய்வேடு, அந்தத் தீசிஸ்தான். நானும் அவரும், ஊரெல்லாம் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் சாப்பாட்டுக் கடைக்கு மேலே ஒரே அறையில் குடியிருந்தோம். நான் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் தட்டெழுதும் கிளார்க். அவரோடு ஒரே அறையில் இருக்கும் ஒருவனுக்குத் தட்டெழுதத் தெரிந்திருப்பது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

அவர் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். அப்பா தோட்டத்தில் தப்பு மேளம் அடிப்பவர். காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பிரட்டுக் களத்துக்கு ஆள் கூப்பிட ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி என்று தப்பில் எல்லாவற்றுக்கும் தனித்தனி அடி உண்டு. அடியைக் கேட்டே மலையில் நிற்பவர்கள் சேதி தெரிந்துகொள்வார்கள் என்பதுதான் மாஸ்டரின் ஆய்வு.

ஆய்வு என்றால் சும்மாவா? பலாபத்வலைக்கு மேலே ஒரு தோட்டத்துக்குப் போய், குறிப்பெடுப்பதற்காகச் சாவு அடியை அடித்துக் காட்டச் சொன்னார். நல்ல வேலை நேரம். அவ்வளவுதான், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை அப்படியே போட்டுவிட்டு, தலையை அவிழ்த்துக்கொண்டு ஒப்பாரியோடு இறங்கி வந்துவிட்டார்கள். யார் செத்தது என்ற கேள்வி அழுது களைத்த பிறகுதான் வந்தது. செத்திருப்பார் என்று பலரும் நினைத்த கிழவரே ஒரு பக்கம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரை ஜீப்பில் வந்து குதித்தார். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லியிருந்தால் போதும். மாஸ்டரோ கைகட்டி, தலைகுனிந்து, அத்தனை திட்டுக்கும் "யெஸ் சேர், யெஸ் சேர்" என்று நின்றாராம்.

அப்புறம் எழுதும் படலம். பேராசிரியர் ஒவ்வோர் அத்தியாயத்தையும் சிவப்பாக்கித் திருப்பி அனுப்புவார். இவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி எழுதுவார். இடப்பக்கம் இவ்வளவு ஓரம் விடவேண்டும் என்பது பல்கலைக்கழகச் சட்டம். அடிக்கோலை வைத்துக்கொண்டு என் தலைமாட்டிலேயே நிற்பார். அப்படி அளந்து அளந்து நான் அடித்துக் கொடுத்ததை, பைண்டிங்காரர் அழகு பார்த்து ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டார். முழுவதையும் இன்னொரு தரம் அடித்தவனும் நான்தான். தப்பு மேளத்தைப் பற்றி எனக்கும் ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

கடைசியில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வாய்மொழிப் பரீட்சை. போன வேகத்திலேயே திரும்பி வந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

"நெறைய கேட்டாங்க. எல்லாத்துக்கும் யெஸ் சேர்னு சொன்னேன்."

"தப்பாச் சொன்னதுக்குமா?"

"அதுக்கும்தான்."

இன்னும் ஒரே ஒரு தடவை வரச் சொல்லியிருந்தார்கள். அதிலும் வாய் திறந்து பதில் சொல்லாவிட்டால் பதிவு ரத்து. அத்தனை வருட உழைப்பும் போச்சு.

கல்லாவிலிருந்து நானா எழுந்து வந்தார். "எங்க, அங்க எப்படி நின்னீங்கன்னு காட்டுங்க பாப்பம்."

மாஸ்டர் எழுந்து கைகட்டி நின்றார்.

"இப்ப சொல்லுங்க. ஒங்க ஊரு எது?"

"யெஸ் சேர்," என்றார் மாஸ்டர். நானா அவருடைய கைகளைப் பிரித்து இரண்டிலும் ஒவ்வொரு தேத்தண்ணிக் கிளாஸைக் கொடுத்தார். மாஸ்டர் ஊரில் ஆரம்பித்து அத்தியாயம் மூன்று வரைக்கும் போய்விட்டார்.

"நோய் வாயில இல்ல தம்பி, கையில இருக்குது" என்றார் நானா என்னிடம். "கையக் கட்டுனா இவருக்கு நாக்கும் சேந்து கட்டிக்குது."

அன்றிலிருந்து கடைதான் பல்கலைக்கழகம். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு மாஸ்டர் நிற்பார், சாப்பிட வந்தவர்கள் கேள்வி கேட்பார்கள். கலேவெலயிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் டிரைவர் ஒருவர், "மழையில தோலு நனைஞ்சா சத்தம் மாறாதா மாஸ்டர்?" என்று தெரியாமல் கேட்டுவிட்டார். பதில் முடிவதற்குள் லொறியில் இருந்த கீரை வதங்கிவிட்டது. ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துக் குடித்து எங்களுக்குச் சூடானதன் ருசியே மறந்துபோயிற்று.

இரண்டாவது பரீட்சைக்கு நானாவும் நானும் துணைக்குப் போனோம். தேத்தண்ணிக்குப் பதிலாக, இரண்டு கக்கத்திலும் ஒவ்வோர் ஆய்வேட்டுப் பிரதியோடு அவரை உள்ளே அனுப்பிவிட்டு, வெளியே ஜன்னலோரம் உட்கார்ந்தோம். குரல் நன்றாகத்தான் கேட்டது. அப்போது லண்டனில் படித்துவிட்டு வந்த பேராசிரியர் ஒருவர், பெரிய மனது பண்ணி, "புத்தகங்களை மேசையில் வையுங்களேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தார்.

உள்ளே பேச்சு நின்றது. கை கட்டிக்கொண்டிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். நானா கண்ணை மூடி ஓத ஆரம்பித்தார்.

டக். மேசையில் ஒரு விரல். பிறகு பத்து விரலும். பிரட்டு அடி. அதன் மேலேயே மாஸ்டரின் குரல் ஏறிவந்தது. லண்டன் பேராசிரியருக்கும் ஆசை வந்துவிட்டது போல, அவரும் மேசையில் தட்டிப் பார்த்து, "இப்படித்தானே?" என்றார்.

"நோ சேர்," என்றார் மாஸ்டர். "நோ, நோ. நீங்க அடிக்கிறது கல்யாண அடி."

நானா கண்ணைத் திறந்தார். "அல்ஹம்துலில்லாஹ். நோ சொல்லிட்டாரு. இனி யாரு தடுத்தாலும் பாஸ்தான்."

பாஸ்தான். பேராசிரியர்கள் மூவரும் வாசல் வரை வந்து கைகொடுத்தார்கள். நானா நான்காவது பேராசிரியரைப் போல வரிசையில் நின்று அவரும் கைகொடுத்தார்.

அங்கிருந்து நேரே தோட்டத்துக்குப் போனோம். "அப்பா, பட்டம் கெடச்சிருச்சு. தப்ப எடுங்க" என்றார் மாஸ்டர்.

பெரியவர் தப்பைத் தீயில் காய்ச்சி எடுத்தார். குச்சியை ஓங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னத்தப்பா அடிக்கிறது? இதுக்குன்னு ஒரு அடி இல்லையே."

பிறகு அடிக்கத் தொடங்கினார். அதுவரை யாரும் கேட்டிராத அடி. லயத்து ஜனம் முழுக்க வெளியே வந்து, என்ன சேதி என்று புரியாமலே சிரித்துக்கொண்டு நின்றது. மாஸ்டர் மட்டும் சட்டைப் பையில் பென்சிலைத் தேடித் தவித்தார்.

"பைண்ட் பண்ணிக் குடுத்தாச்சே. இத எங்க சேக்கிறது?"

"எழுதாதீங்க மாஸ்டர்," என்றேன். "சும்மா கேளுங்க."

கேட்டார். கண்ணீர் வழிய, வாயெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். அந்த மனிதரோடு ஒரே அறையில் குடியிருந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் தலைகொள்ளாத பெருமை.